செடி நடுவது கடைசி வேலை
நகர ஆறுகளை மீட்பது பற்றி வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூரின் காலாங் ஆறு பீஷான் – அங் மோ கியோ பூங்கா ஓரமாக 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து 3.2 கி.மீ. ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். சென்ற இதழில் வந்த அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, "எங்கள் ஊர் ஆற்றுக்கும் இது நடக்குமா?" என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். நீரியலும் மண்ணும் தாவரமும் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிய பதில்கள் இவை.

கான்கிரீட்டில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். புல்லும் கல்லும் இருந்தால் தடைபட்டு நிற்கும். அப்படியிருக்க, காலாங்கில் வெள்ள அபாயம் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகர், அங் மோ கியோ, சிங்கப்பூர்

சந்தேகம் நியாயமானதுதான். நீரோட்டக் கணக்கில் தரையின் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. மேனிங் எண் என்பார்கள். வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு அது ஏறக்குறைய 0.015. புல், கோரை, கல் எல்லாம் உள்ள இயற்கை ஆற்றுக்கு 0.045. ஆழமும் சரிவும் மாறாமல் இருந்தால், இயற்கை ஆற்றில் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். போதாக்குறைக்கு, 2.7 கி.மீ. தூரம் 3.2 கி.மீ. ஆகும்போது சரிவும் குறைந்து வேகம் இன்னும் எட்டு விழுக்காடு மட்டுப்படும். ஆக, பழைய அளவு வெள்ளம் போகவேண்டும் என்றாலே குறுக்குவெட்டுப் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் வேண்டும்.

அந்தப் பரப்பைக் காலாங்கில் கொடுத்தார்கள். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். புதிய ஆறு சாதாரண நாளில் அதைவிடக் குறுகலாகத்தான் ஓடுகிறது. கனமழையில் இரு பக்கப் புல்வெளியிலும் ஏறி ஏறத்தாழ 100 மீட்டர் வரை விரிகிறது. வெள்ளம் கொள்ளும் திறன் முன்பைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடியது இதனால்தான். கான்கிரீட்டை எடுத்ததைவிட, 62 ஹெக்டேர் பூங்காவில் ஒரு பகுதியை வெள்ளத்துக்கு எழுதிக்கொடுத்ததே முக்கியம். அங்கே ஆற்றுக்கும் பூங்காவுக்கும் இடையில் வேலி கிடையாது.

மற்ற ஊர்களில் இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் தவறுவதும் இதே இடத்தில்தான். 20 மீட்டர் அகலக் கால்வாயில் சுவரை மட்டும் எடுத்துவிட்டு, அதே 20 மீட்டருக்குள் கல்லும் செடியும் வைத்தால் முதல் பெருமழையில் பக்கத்துத் தெரு மூழ்கும். பழி செடியின் மேல் விழும். மறுவருடம் மறுபடி கான்கிரீட் வந்துவிடும்.

இன்னொன்று: செடியும் கல்லும் கொண்டு கரையைப் பிடிக்கும் முறைகளில் எது வெப்பமண்டல மழையைத் தாங்கும் என்று அங்கே யாருக்கும் அனுபவம் இருக்கவில்லை. அதனால் 2009இல் பக்க வாய்க்கால் ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து முறைகளைப் போட்டுப் பார்த்து, தேறியதை மட்டும் ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்துத் திட்டங்களில் இந்த ஒரு படியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். செலவும் குறைவு, ஒரே மழைக்காலம் போதும். உடைத்த கான்கிரீட்டைக்கூட வெளியே கொட்டவில்லை. பூங்காவுக்குள்ளேயே ஒரு சிறு குன்றாக அடுக்கிவிட்டார்கள்.

எங்கள் அடையாற்றில் இப்படிச் செய்ய முடியாதா?
– ஒரு வாசகி, கோட்டூர்புரம், சென்னை

அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஏறக்குறைய 820 கன மீட்டர். தண்ணீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்தால் 550 சதுர மீட்டர் குறுக்குவெட்டு வேண்டும். அதாவது 100 மீட்டர் அகலம், ஐந்தரை மீட்டர் ஆழம். மற்ற ஏரிகளின் உபரி நீர் இதில் சேரவில்லை. இவ்வளவு தண்ணீர் வரக்கூடிய ஆற்றின் நடுவில் மரம் நட்டு அழகு பார்க்க முடியாது.

முடிவது இரண்டடுக்கு அமைப்பு. நடுவில் கோடைக்கால நீர் ஓடும் குறுகிய தாழ்வழி. அதன் வழக்கமான நீர்மட்டத்துக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் மேலே, அகலமான படுகைத் திட்டு. திட்டில் வளைந்து கொடுப்பவை மட்டும்: கோரை, நாணல், புல். மரங்கள் எல்லாம் வெள்ளமட்டத்துக்கு மேலே, கரை உச்சியில். ஓட்டப் பாதைக்குள் நிற்கும் மரம் பிளாஸ்டிக்கையும் பழந்துணியையும் பிடித்துவைத்து ஓர் அணையாகவே ஆகிவிடும், பாலத்துக்குப் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கரையில் வீடுகள் நெருக்கமாக இருந்தால் அந்தப் பக்கத் தடுப்புச்சுவரை அப்படியே விட்டுவிட்டு, இடமுள்ள பக்கத்தை மட்டும் சரித்து விரியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று ஆற்றுக்கு ஒன்றுமில்லை.

உங்கள் பகுதியில் கடல் ஏற்றம் வந்துபோகும். அங்கே வழக்கமாக நடக்கும் பிழை, நவம்பரில் தண்ணீரைச் சோதித்து 'நல்ல தண்ணீர்' என்று முடிவுகட்டி நன்னீர்ச் செடிகளை நடுவது. மே மாதம் உப்பேறி எல்லாம் கருகிவிடும். உப்பின் அளவைக் காட்டும் நீரின் மின்கடத்துத்திறனை மே மாதத்தில், கடல் ஏற்றத்தின்போது அளந்து பார்த்துத்தான் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உப்பு ஏறும் இடத்துக்கு அலையாத்தி, ஏறாத மேல்பகுதிக்கு நொச்சியும் வெட்டிவேரும். கழிமுகத்தில் 58 ஏக்கரில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவிலும் முதலில் கட்டட இடிபாடுகளை அள்ளி, பள்ளம் தோண்டி, கடல்நீர் வந்துபோக வழி விட்ட பிறகுதான் அலையாத்தி வந்தது. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொண்டால் இந்த வரத்துப்போக்கு நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் இடமென்றால் மண்வெட்டி வைப்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

நொய்யலில் சேரும் ஓடை ஒன்றை 400 மீட்டர் நீளத்துக்குச் சீரமைக்கக் குடியிருப்போர் சங்கத்தில் பணம் சேர்த்திருக்கிறோம். சாக்கடை கலக்கிறது. மரக்கன்றுகள் தயார். எங்கிருந்து தொடங்குவது?
– குடியிருப்போர் சங்கம் ஒன்று, கோயம்புத்தூர்

மரக்கன்றுகளை ஓராண்டு நாற்றங்காலிலேயே வைத்திருங்கள். சாக்கடையை நிறுத்துவதற்கு முன் கரை வேலையில் இறங்கினால் போட்ட பணம் போனதுதான். எருப்போல வரும் கழிவுநீரில் நீங்கள் நட்டதைவிடக் களைதான் வேகமாக வளரும்.

முதல் வேலை நடை. மூன்று நாள் மழையே இல்லாத ஒரு காலையில், ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், 400 மீட்டரோடு நிற்காமல் மேலே ஒரு கிலோமீட்டர் வரை நடந்து ஓடைக்குள் விழும் ஒவ்வொரு குழாயையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகாலிலிருந்து தண்ணீர் வந்தால் அது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர். குளிப்பதும் துவைப்பதும் அந்த நேரத்தில்தான் என்பதால் அளவும் அப்போதே உச்சம். எந்த வீட்டு இணைப்பு என்று தெரியாவிட்டால், சந்தேகப்படும் தொட்டியில் சாயக் கரைசல் ஊற்றிவிட்டு வடிகால் வாயில் நின்று பாருங்கள். வீட்டுக்காரரின் ஒப்புதலோடும் மாநகராட்சிப் பொறியாளர் முன்னிலையிலும் செய்தால் பின்னால் தகராறு வராது.

இரண்டாவது வேலை அளவு. சிறு குழாய்க்கு வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாய்க்கால் என்றால் ஒரு பலகையில் 90 பாகை 'வி' வடிவில் வெட்டி, ஓரம் கசியாமல் களிமண் வைத்துக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 10 செ.மீ. உயர்ந்து வழிந்தால் விநாடிக்கு 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர், 20 செ.மீ. என்றால் 25 லிட்டர். உயரத்தைப் பலகையை ஒட்டி அளக்கக்கூடாது, அங்கே நீர் தாழ்ந்து வளையும். அரை மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி ஒரு குச்சி அடித்து அளவிடுங்கள்.

கணக்கு ஒத்துவருகிறதா என்றும் பார்க்கலாம். நகரக் குடிநீர்த் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவாக வெளியே வரும் என்பது பொறியியல் வழக்கு. நாலு பேர் கொண்ட ஆயிரம் வீட்டுக்கு 4.3 லட்சம் லிட்டர். 'வி' பலகையில் 10 செ.மீ. நாள் முழுக்க நின்றால் 3.8 லட்சம் லிட்டர், கிட்டத்தட்ட 880 வீடு. மேலே இருப்பது 300 வீடுதான் என்றால், எங்கோ ஒரு தொழிற்கூடமோ உடைந்த பாதாளச் சாக்கடையோ இருக்கிறது. தேடுங்கள்.

மூன்றாவதாகத்தான் தீர்வு. பக்கத்தில் பாதாளச் சாக்கடை ஓடினால், வடிகால் வாயில் தாழ்வான குறுக்குச்சுவர் கட்டி, 20 முதல் 25 மி.மீ. இடைவெளியுள்ள கம்பிச் சல்லடை வைத்து, மழையில்லா நாள் நீரை அதற்குள் திருப்பிவிடலாம். மழைநீர் சுவரைத் தாண்டி ஓடைக்குப் போகட்டும். இது கெடுவது சல்லடையால்தான். ஒரு நாள் வாரவில்லை என்றால் குப்பை அடைத்து, கழிவுநீர் சத்தமில்லாமல் சுவரைத் தாண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்! சல்லடை வாருவதற்கு ஆள் சம்பளம் ஒதுக்காமல் இந்த அமைப்பைக் கட்டவே வேண்டாம்.

பாதாளச் சாக்கடை இல்லையென்றால் சல்லிப் படுகை, அதாவது கழிவுநீர் சல்லிக்கும் செடி வேருக்கும் இடையில் மெல்ல ஓடிச் சுத்தமாகும் பள்ளம். நம் வெயிலில் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர். ஆயிரம் வீட்டுக்கு ஒன்று முதல் இரண்டு ஏக்கர். ஆழம் 60 செ.மீ.; அடித்தரைக்கு நூற்றுக்கு ஒன்று சரிவு; நடுவில் 10 முதல் 20 மி.மீ. சல்லி, நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் 40 முதல் 80 மி.மீ. கல். நடுவதற்குக் கல்வாழை, சம்பு, நாணல். நீர்மட்டம் எப்போதும் சல்லியின் மேற்பரப்புக்கு 5 செ.மீ.யாவது கீழே இருக்கவேண்டும். இருந்தால் கொசு வராது. படுகைக்கு முன்னால் கழிவு ஒரு நாளாவது தங்கித் தெளியும் தொட்டி கட்டாயம். அதைச் சேமிக்க நினைத்தவர்களின் படுகை ஒன்றிரண்டு ஆண்டில் அடைத்துக்கொண்டு மேலே தேங்கி நாறும். சல்லியைக் கழுவாமல் கொட்டினாலும் கிரஷர் தூள் அடிக்குப் போய் இதே கதைதான். எல்லாவற்றுக்கும் மேல், இதை ஓடைக்கு உள்ளே கட்டாதீர்கள். ஓர் ஐப்பசி மழை போதும், சல்லி முழுவதும் ஊருக்குக் கீழே கிடக்கும். ஓடைக்கு வெளியே, பக்கத்தில்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் இசார் ஆற்றை 2000 தொடங்கி 2011 வரை எட்டு கி.மீ. நீளத்துக்குக் கரைக்கட்டிலிருந்து விடுவித்தார்கள். இன்று அதில் மக்கள் குளிக்கிறார்கள் என்றால், கரையை மாற்றியது மட்டும் காரணமல்ல. ஆற்றின் மேல்பகுதியில் உள்ள கழிவுநீர் நிலையங்களில் புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கியதும் காரணம்.

இ.எம். எனும் நுண்ணுயிர்க் கரைசல், நுண்ணுயிர் உருண்டை போட்டால் ஆறு சுத்தமாகும் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

வேண்டாம். ஓடும் தண்ணீரில் போடுவது சில மணி நேரத்தில் உங்கள் எல்லையைத் தாண்டிப் போய்விடும். சாக்கடைக்குள் நுண்ணுயிருக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் ஆக்சிஜனுக்கு.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை எங்கள் பக்கம் அடிக்கடி சரிகிறது. கருங்கல் பதித்துச் சிமெண்ட் பூசினார்கள், அதுவும் பிளந்து விழுந்துவிட்டது. வெட்டிவேர் தாங்குமா?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

வெட்டிவேர் தாங்கும், தனியாகத் தாங்காது. சரிவுக்குக் காரணம் இரண்டு. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் கரை மண்ணும் ஊறிக் கனத்திருக்கும். தலைமதகை அடைத்ததும் வாய்க்கால் மட்டம் சட்டென்று இறங்குகிறது, கரைக்குள் இருக்கும் நீர் அவ்வளவு வேகமாக வடிவதில்லை. எதிரே முட்டுக்கொடுத்த தண்ணீர் இல்லாததால் ஊறிய மண் அப்படியே உட்கார்ந்துவிடும். தண்ணீர் நிறைந்து ஓடும்போது நின்ற கரை, வற்றிய வாரத்தில் விழுவது இதனால்தான். சிமெண்ட் பூச்சு நிலைமையை மோசமாக்கும். வடிதுளைகள் அடைத்துக்கொண்டால் பின்னால் தேங்கும் நீர் கல்லையே வெளியே தள்ளும். இரண்டாவது காரணம் அடி அரிப்பு. கரையின் பாதத்தில் மண் போய்விட்டால் மேலே என்ன பூசியும் பயனில்லை.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரக் கரை என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம்.

சரிவை ஒன்றுக்கு இரண்டாக வெட்டுங்கள்: 3 மீட்டர் உயரத்துக்கு 6 மீட்டர் கிடை. சரிவின் மேல் அளந்தால் 6.7 மீட்டர் வரும். நிரப்பவேண்டிய இடத்தில் 20 செ.மீ. அடுக்காக மண் போட்டு, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு மேலே மட்டம் தட்டினால் முதல் நனைவிலேயே உட்காரும்.

பாதத்தில் 1 மீட்டர் அகலம், வாய்க்கால் தரைக்குக் கீழே 60 செ.மீ. ஆழம் பள்ளம் எடுத்துச் சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்குங்கள். 60 கன மீட்டர், நம் கணக்கில் 21 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்). கல்லின் அளவு நீர்வேகத்தைப் பொறுத்தது. கொந்தளிப்புள்ள வளைவில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துக்கு 17 செ.மீ. கல் போதும், 3 மீட்டர் வேகத்துக்கு 38 செ.மீ. வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் கல் இரண்டேகால் மடங்காக வேண்டும் என்பதைக் கொத்தனாருக்குச் சொல்லிவையுங்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் வடிதுணியோ 15 செ.மீ. பொடிச் சல்லியோ இல்லையென்றால், கல் இடுக்கு வழியாக மண் கசிந்து உள்ளே பொந்து விழும்.

சரிவின் மேல் தென்னைநார் வலை, சதுர மீட்டருக்கு 700 கிராம் எடையுள்ளது. உச்சியில் 30 செ.மீ. ஆழப் பள்ளத்தில் நுனியைப் புதைத்து, அங்கிருந்து கீழே உருட்டிப் பாதக் கல்லுக்கு அடியில் செருகுங்கள். அடுத்தடுத்த சுருள்கள் 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறவேண்டும்; நீர் வரும் பக்கத்துச் சுருள் மேலே இருக்கட்டும். மாற்றிப் போட்டால் ஓட்டம் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எல்லாம் சேர்த்து 920 சதுர மீட்டர் வாங்குங்கள்; வலையை மண்ணோடு அடித்துப் பிடிக்கும் முளைக்குச்சி சதுர மீட்டருக்கு இரண்டு வீதம். வலை மண்ணோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். நடுவில் தொங்கினால் அதன் அடியில் மண் அரிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தென்னைநார் இரண்டு மூன்று ஆண்டில் மக்கிவிடும். அதற்குள் வேர் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிவேர் நாற்று உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வரிசை, உச்சியில் ஒன்று: நாலு வரிசை. வரிசைக்குள் 10 செ.மீ. இடைவெளி. 4,000 நாற்று ஆகும், 4,500 வாங்குங்கள். தூர் பிரித்து, தாளை 20 செ.மீ.க்கு நறுக்கி நடவேண்டும். இடையில் 30 செ.மீ. விட்டு நட்டால் நாற்றுக்கு நாற்று நடுவில் தண்ணீர் ஓடை போட்டுவிடும். அது வேலியே இல்லை. வரிசைகளுக்கு இடையில் கட்டைவிரல் தடிமனுள்ள நொச்சிப் போத்து, 60 முதல் 75 செ.மீ. நீளம், முக்கால்வாசி மண்ணுக்குள். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிக்கொள்வது பழைய உத்தி.

காலம்தான் உங்களுக்குச் சிக்கல். தண்ணீர் நின்றபின் பிப்ரவரி கடைசியில் மண்வேலை தொடங்கி, மார்ச்சில் கல்லும் வலையும் முடித்து, ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கீழிரண்டு வரிசையை நட்டு, இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் ஊற்ற வேண்டும். மேலிரண்டு வரிசை ஐப்பசி மழையில் போதும். டேங்கர் தண்ணீருக்குப் பணம் எடுத்துவைக்காமல் கோடையில் நட்டால் ஜூனில் காய்ந்த புல்தான் மிஞ்சும்.

ஆற்றைத் தூர்வாரி ஆழப்படுத்திவிட்டால் போதாதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பொக்லைன் வைத்துக் கரைக்குக் கரை ஒரே மட்டமாக வழித்தெடுப்பதை யார் தூர்வாருதல் என்று பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. கோடையில் வரும் கொஞ்சத் தண்ணீர் அந்த அகலத்தில் பரவிக் கணுக்கால் அளவுக்கு நிற்கும். சூடேறும், வண்டல் படியும், மறுபடி களை. தரையின் நடுவில் தாழ்வழி ஒன்று வேண்டும். அது நேராக இல்லாமல் வளையட்டும்: ஒரு முழு வளைவின் நீளம் ஆற்றின் அகலத்தைப்போல் 10 முதல் 14 மடங்கு என்பது இயற்கை ஆறுகளில் காணும் அளவு. மடுவுக்கு மடு தூரம் அகலத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு. இடையில் கல் பரவிய மேடு. மடுவில் மீன் ஒதுங்கும், கல்மேட்டில் நீர் உடைந்து காற்றை வாங்கிக்கொள்ளும். பத்து மீட்டர் அகல ஓடைக்கு 60 மீட்டருக்கு ஒரு மடு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் ஊர் என்பதால் ஒரு எச்சரிக்கை. சாயக் கழிவு படிந்த கறுப்புச் சேற்றைக் குரோமியம், தாமிரம், துத்தநாகம் சோதிக்காமல் தோட்டத்துக்கு வண்டலாகக் கொடுக்காதீர்கள். கரை மேலேயே குவித்தும் வைக்காதீர்கள். அடுத்த மழையில் திரும்பி ஆற்றுக்கே வரும், பணம் மட்டும் திரும்பாது.

வைகையில் ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் அள்ளுகிறார்கள், ஆண்டுதோறும் வருகிறது. என்ன தவறு?
– ஒரு வாசகி, மதுரை

அது வெப்பமும் கழிவுநீர்ச் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி. நூற்றில் ஐந்து பங்கு மிச்சம் விட்டால் இரண்டு மாதத்தில் பழையபடி மூடிவிடும். விதை சேற்றுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். அள்ளுவது மேல்பகுதியில் தொடங்கிக் கீழே வரவேண்டும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் குறுக்கே மூங்கில் மிதவை கட்டி, முடித்த இடத்துக்குள் மறுபடி மிதந்து வராமல் தடுக்க வேண்டும். பூப்பதற்கு முன் முடிக்க வேண்டும். அதன்பிறகு மாதம் இருமுறை பரிசலில் போய் மிச்சத்தைக் கையால் பொறுக்க இரண்டு பேர். ஒப்பந்தத்தில் இந்தக் கடைசி வரி இருக்காது, அதுதான் தவறு. தடுப்பணையில் தேங்கிய நீரும் அதில் கலக்கும் சாக்கடையும் இருக்கும்வரை செடி வந்துகொண்டேதான் இருக்கும்.

கரையைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் இறங்குவார்களே? திடீர் வெள்ளம் வந்தால்?
– ஒரு வாசகி, சைதாப்பேட்டை, சென்னை

காலாங்கில் வேலி போடாததற்கு ஈடாக நீர்மட்ட உணரிகள், எச்சரிக்கை விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் வைத்தார்கள். வேலிக்குப் பதில் சரிவும் ஒரு பாதுகாப்புதான். செங்குத்துச் சுவருள்ள கால்வாயில் விழுந்தவர் பிடித்து ஏற ஒன்றுமில்லை. ஒன்றுக்கு மூன்று சரிவுள்ள புல்கரையில் நடந்தே வெளியேறலாம். நம் ஊரில் மின்சாரத்தை நம்பிய கருவி மட்டும் போதாது. நீர் எந்த உயரம் வந்தால் வெளியேற வேண்டும் என்று கல்தூண்களில் சிவப்புக் கோடு போட்டு, மேலே உள்ள மதகு திறக்கும்போது தகவல் சொல்ல ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை நிற்காத இடத்தில் படித்துறை கட்டிப் பிள்ளைகளை அழைப்பது வேறு வகை ஆபத்து. குளிக்கும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவு: 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் கிருமி) 500க்குள், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள், கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல்.

ஆற்றின் எல்லை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், வேலூர்

வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் வாங்குங்கள். ஆற்றுப் புறம்போக்கு எந்தப் புல எண், எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும். நில அளவரை வைத்துக் கல் நட்ட பிறகுதான் வடிவமைப்புப் படம் வரைய வேண்டும். கண்ணால் பார்க்கும் கரை பெரும்பாலும் உண்மையான கரை அல்ல, உள்ளே நகர்ந்திருக்கும். வேலைக்கு நீர்வளத் துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கல் ஒன்றைக்கூடப் போடாதீர்கள்.

எங்கள் ஓடையில் கரைந்த ஆக்சிஜன் 11 மில்லிகிராம் என்று சோதனையில் வந்தது. ஆனால் மீன் செத்து மிதக்கிறது. கருவி பழுதா?
– கல்லூரி மாணவர் ஒருவர், தாம்பரம்

எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? பிற்பகல் மூன்று மணி என்றால் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீர் பச்சையாக இருக்கும் ஓடையில் பாசி பகலில் ஆக்சிஜனை அள்ளி விடும். இரவில் தானே அதை உறிஞ்சும். விடியுமுன் அளந்தால் அதே இடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 30 டிகிரி நீரில் தானாகக் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். 11 என்று வந்தாலே பாசி மிகுந்துவிட்டது என்று பொருள். இனி காலை ஐந்தரை மணிக்கு, நீரின் நடுவில், மேற்பரப்புக்கு ஒரு முழம் கீழே அளந்து குறித்துவையுங்கள். மாதம் இருமுறை, ஓராண்டு.

மழை பெய்த மறுநாள் காலையும் ஒருமுறை அளக்கவும். கோடை முழுக்க வடிகாலில் தங்கிய கறுப்புச் சேற்றை முதல் மழை ஒரே வாரில் ஓடைக்குள் தள்ளும். மீன் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான். சித்திரையில் வடிகால் தொட்டிகளை வாரி வைத்திருந்தால் அந்தச் சேற்றில் பெரும்பகுதி வராது.